மஞ்சள் பிடிக் கோடாலி

— கீழே வைங்க அத்தான். சொல்றேன்ல, மொதல்ல அந்தக் கோடாலியைக் கீழே வைங்க.

— அட போ ஓடெட். பனி விழறதுக்குள்ள இந்த விறகுக் குவியலைப் பொளந்தாகணும். உன் கடையில வாங்கின சாமானை நீயே வேணாம்ங்கிற? நல்ல வியாபாரிதான் போ.

— ஆமா, வேணாம்னுதான் சொல்றேன். இந்த மஞ்சப் பிடி போட்ட கோடாலி அத்தனையையும் கம்பெனிக்காரன் திருப்பி வாங்கறான். உள்ளுக்குள்ள பசை விட்டுப்போகுதாம். வீசும்போது இரும்பு மட்டும் தனியாக் கழண்டு பறக்குதாம்.

— என்ன சொன்னே? கழண்டா?

— ம்.

— கதை விடாதே. ஒரு வருஷமா வீசறேன். உன்கிட்டதானே ஜோடியா வாங்கினோம், எனக்கு ஒண்ணு, பையன்... லூக்... அவனுக்கு ஒண்ணு. என்னோடது இன்னிவரைக்கும் ஒரு ஆட்டம் ஆடலை.

— எல்லாமே கழலாது அத்தான். சிலது கழலும். எது, எப்போன்னு சொல்ல முடியாதாம். மிஷிகன்ல ஒருத்தருக்குத் தோள்பட்டையே போச்சாம். இன்னொரு ஊர்ல...

— போதும், நிறுத்து. அன்னிக்கு அவன் என்ன சொன்னான்? நீ சொல்லு, உனக்கு ஞாபகம் இருக்கும்.

— "நான் வீசலைப்பா, தானாக் கழண்டுச்சு"ன்னான்.

— அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னான். நான் காதுல வாங்கவே இல்லை. "உருளைக்கிழங்கு வயலும் வேணாம், நீயும் வேணாம், போர்ட்லேண்டுக்குப் போயிக் கப்பல் பட்டறையில சேந்துக்கிறேன்"னு கத்திக்கிட்டே மரத்தைப் பொளந்துகிட்டிருந்தான். நானாவது வாயை மூடினேனா? "கையாலாகாதவனே, போடா"ன்னேன். உங்க அக்கா வெர்னா துணிக்கூடையோட எங்களுக்கு நடுவுல வந்தா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அவ முகமெல்லாம் ரத்தம். நான் என்ன நினைப்பேன்? என்னைக் குறி வச்சான், அவ மேல பட்டுடுச்சுன்னுதானே நினைப்பேன்?

— நானும் அதைத்தான் நினைச்சேன்.

— பெத்த அம்மா கண்ணைப் பறிச்சவன்னு பாதிரியாரை வச்சுக்கிட்டே சொன்னேன். அவன் துணிமணியை மழையில எறிஞ்சேன். அவன் ஒவ்வொண்ணாப் பொறுக்கிக்கிட்டான், ஓடெட். இந்த வருஷமும் பள்ளிக்கூடத்துல அறுவடை லீவு விட்டு ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வயல்ல கிழங்கு பொறுக்குதுங்க. யாராவது நிமிந்து பாத்தாக்கூட அவன் மாதிரியே இருக்கு.

— நீங்களாவது கோவத்துல பண்ணீங்க. மறுநாள் காலையில வெறும் பிடியைத் தூக்கிட்டு என் கடைக்கு வந்தான். "சித்தி, உள்ளே பாருங்க, பசை பொடிப்பொடியா உதிருது"ன்னான். நான் திரும்பிக்கூடப் பாக்கலை. "எங்க அக்கா ஆஸ்பத்திரியில கெடக்கா, நீ கோடாலி மேல பழி போட வந்துட்டியா"ன்னு வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

— நீயுமா?

— அதோட விட்டேனா? அதே கோடாலியை அதே அலமாரியில அடுக்கி வித்தேன் அத்தான். சிரிச்சுக்கிட்டே வித்தேன். ஆத்தங்கரை கிளோவிஸ் கிழவர்ல இருந்து சர்ச் சமையக்கட்டு வரைக்கும். நேத்து முழுக்க வீடு வீடாப் போயி வாங்கிட்டு வந்தேன். ஒவ்வொரு கதவையும் உயிரைக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் தட்டினேன்.

— ஊரெல்லாம் சுத்திட்டு, சொந்த அத்தான்கிட்ட கடைசியாத்தான் வந்தியாக்கும்.

— உங்க முகத்தைப் பாக்க எனக்குத் தைரியம் வரலை. உக்காருங்க.

— வெர்னா அவனை ஒரு தடவைகூடத் திட்டலை, தெரியுமா? அவன் பேரை எடுத்தா நான் பாதிச் சாப்பாட்டுல எழுந்து போயிடுவேன். அப்புறம் அவ எடுக்கறதையே விட்டுட்டா. அவளுக்கும் மனசு வெறுத்துடுச்சு போலன்னு நினைச்சேன்.

— வெறுக்கறதா? கம்பெனிமேல மொதல்ல புகார் பண்ணது யாருன்னு நினைக்கிறீங்க?

— லூக்தானே?

— அக்கா! என் கடையிலேர்ந்து திரும்பி உங்க கொட்டகையில அவன் போட்டுட்டுப் போன பிடியை எடுத்து, தானே பார்சல் கட்டி அனுப்பியிருக்கா. "தப்பா வீசியிருப்பாங்க"ன்னு அவங்க தட்டிக்கழிச்சிருக்காங்க. இவ விடலை. நீங்க வயலுக்குப் போற நேரமாப் பாத்து போன் மேல போன் போட்டிருக்கா. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் சொன்னா.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— சொன்னாளாமே. கண்ணுல கட்டோட படுத்திருந்தப்பவே. "பிடி கடைசி வரைக்கும் அவன் கையிலதான் இருந்துச்சு, நான் பாத்தேன்"னு. நீங்கதான், "மருந்து மயக்கத்துல உளறாதே"ன்னு வாயை அடைச்சீங்களாம்.

— ஆமா. சொன்னேன். நர்ஸுகூட அப்ப என்னைத் திரும்பிப் பாத்தா.

— தண்ணி கொண்டுவரவா அத்தான்?

— தண்ணி வேணாம். எனக்கு அவன்கூடப் பேசணும். நான் கூப்பிட்டா எடுப்பானா? எடுக்கமாட்டான். நானா இருந்தாலும் எடுக்கமாட்டேன். வெர்னா வரட்டும். உன் கடைக்குப் போறேன்னு காலையில கிளம்பினா, இப்ப வந்துடுவா. அவ பேசிட்டு எங்கிட்டக் கொடுக்கட்டும். மன்னிச்சுடுடான்னு எடுத்த எடுப்புலயே சொல்லிடவா? இல்ல, சாப்டியான்னு கேட்டுட்டுச் சொல்லவா? எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல ஓடெட், நீதான் சொல்லிக்கொடேன். ஏன் அழறே?

— அக்கா சாமான் வாங்க வரலை அத்தான், பெட்டியோட வந்தா. லூக்கிட்டப் போறேன்னு சொல்லி, இனி இங்க திரும்பமாட்டேன்னும் சொன்னா. பஸ் ஏத்திவிட்டுட்டுத்தான் நேரா இங்க வர்றேன்.