சாய்வெழுத்தில் இருந்த பேரு

தாவரவியல் டிபார்ட்மென்ட்டைப் பூட்டாதீங்க மேடம். ரெண்டே நிமிஷம். கீழ ஆபீஸ்ல நாளைக்கு வரச் சொன்னாங்க. நாளை வரைக்கும் அவ தாங்குவாளான்னு டாக்டருக்கே தெரியல.

என் மனைவிங்க. ஒரு வாரமா வாய்ப்புண்ணு. காலையில எங்க குடியிருப்புக்குப் பின்னாடி, சுவரோரமா இருந்த செடியில கறுப்புப் பழம் ஒரு கைப்பிடி பறிச்சுத் தின்னிருக்கா. கொஞ்ச நேரத்துல வாயெல்லாம் காஞ்சுபோச்சுன்னா. அப்புறம் மூஞ்சி செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. கண்ணுமணி ரெண்டும் விரிஞ்சு கிடக்கு. என்னையே யாருன்னு கேக்கறா. கையில இல்லாத ஊசியில இல்லாத நூலைக் கோத்துக்கிட்டே இருக்கா மேடம்.

இந்தாங்க, கிளையோட கொண்டாந்திருக்கேன். ஈரத்துணியிலதான் சுத்தினேன், பஸ்ல வாடிப்போச்சு.

மணத்தக்காளின்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னேன். பழுத்த மணத்தக்காளி இப்படியெல்லாம் பண்ணாதே, வேற மாத்திரை ஏதாவது முழுங்கினாங்களா, வீட்ல சண்டையான்னு டாக்டர் குடையறார். சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. பாஷைக்குப் பாஷை பேரு மாறும், அதை நம்பி மாத்து மருந்து போட முடியாது, விஞ்ஞானப் பேரை விவரம் தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வாங்கன்னார். விழுந்தடிச்சு ஓடி வர்றேன்.

எதை வச்சு மணத்தக்காளின்னு நெனச்சாளா? இந்தப் புஸ்தகத்தை வச்சுதான். காட்டுச்செடிங்களைப் பத்தி வேற பாஷையில எழுதினது, தமிழ்ல வந்திருக்கு. பாருங்க, பக்கத்தை மடிச்சே வச்சிருக்கா. பழம் வாய்ப்புண்ணுக்கு நல்லதுன்னு போட்டிருக்கு. நாங்க ரெண்டு பேரும் மாடி வீட்லயே வளந்தவங்க, கடையில கட்டுக்கீரையா பாத்ததோட சரி.

ஆமா, மூலத்துல விஞ்ஞானப் பேரு இருந்துச்சு. பக்கத்துலயே, சாய்வெழுத்துல. எனக்கு எப்படித் தெரியுமா? அது கெடக்கட்டும், முதல்ல பழத்தைப் பாருங்க மேடம்.

கொத்தா இல்லாம ஒத்தையா இருக்கா? அடியில நட்சத்திரம் மாதிரி அஞ்சு இதழா? அப்ப இது மணத்தக்காளியே இல்லையா? குளிர்ப்பிரதேசச் செடியா, யாராவது கொண்டாந்து நட்டிருப்பாங்களா? தமிழ்ல இதுக்குன்னு வழக்குப் பேரே கிடையாதா?

எழுதுங்க. இருங்க, டாக்டருக்கு இப்பவே போன்ல சொல்லிடறேன்.

டாக்டர், நான்தான். பேரு கிடைச்சிடுச்சு. அட்ரோப்பா பெல்லடோனா. ஆமாங்க, யுனிவர்சிட்டி மேடமே பாத்துச் சொன்னாங்க, பக்கத்துலதான் நிக்கறாங்க. மருந்து இருக்குல்ல? போடுங்க டாக்டர், உடனே போடுங்க. சீட்டோட வந்துடறேன்.

கொடுங்க மேடம். நீங்க எழுதி முடிக்கறதுக்குள்ள நான் எப்படிச் சொன்னேனா? இந்தப் புஸ்தகத்தைத் தமிழ்ல மாத்தறப்ப இதே பேரை எழுத்தெழுத்தா பாத்திருக்கேன். அந்தப் பாஷையில மணத்தக்காளிக்கும் இதுக்கும் பொதுவா ஒரே பேருதான். அதனால அதுன்னு நெனச்சு இதைத் தின்னுடாதீங்கன்னு கடைசியா ஒரு வரி போட்டு, ரெண்டுக்கும் விஞ்ஞானப் பேரு கொடுத்திருந்தாங்க. வாயில நுழையாத பேரெல்லாம் வேணாம், படிக்கிறவங்க மிரளுவாங்கன்னு பதிப்பகத்துல சொன்னாங்க. சரின்னு எடுத்துட்டேன். ரெண்டுக்கும் மணத்தக்காளின்னே போட்டிருந்தேன், எடுத்துட்டுப் படிச்சா, மணத்தக்காளின்னு நெனச்சு மணத்தக்காளியைத் தின்னுடாதீங்கன்னு நிக்குது. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. அந்த வரியையும் அடிச்சுட்டேன்.

வர்றேங்க மேடம். பஸ் போயிடும்.