வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால்

படகில் வாழ்கிறவர்களுக்கு முதலில் பழுதாவது முழங்கால்தான். ஏறுவதும் இறங்குவதும் குனிவதுமாக நாள் முழுக்க அதற்கு வேலை. அதனால்தான் காலை இப்படி நீட்டிக்கொண்டு இருக்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று அந்தப் பொலிஸ் ஒஃபிஸரிடம் சொல்லுங்கள், பிள்ளை. உங்கள் பெயர் கீர்த்திகா என்றுதானே சொன்னீர்கள்? நான் ஆறுதலாகவே பேசுகிறேன். நீங்கள் ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வரலாம். எனக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் இதைத் தமிழில் சொன்னால்தான் எனக்கே சரியாகக் கேட்கும்.

என் பெயர் குணவதி பாலேந்திரா. போன ஒக்டோபரில் என் கணவர் ஹன்வெல் கால்வாய் லொக்கில் படகோடு தாழ்ந்து இறந்தார். அது விபத்து என்று விசாரித்து முடித்துவிட்டார்கள். எல்லோரும் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். எனக்கு ஒருவர் மேலும் குறை இல்லை.

ரெய்னர்ஸ் லேனில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அதற்கு முன்னால் நான் இருந்த இடங்களை எல்லாம் விரித்துச் சொல்லி உங்களைக் களைக்க வைக்க மாட்டேன். கொக்குவிலில் இருந்து வெளிக்கிட்டேன். பிறகு சாவகச்சேரி, கிளிநொச்சி, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ். இங்கே வந்து லூயிஷாமில் இன்னொரு குடும்பத்தோடு பங்கிட்ட ஓர் அறை. எந்த இடத்திலும் கட்டிலுக்கு அடியில் பெட்டி ஆயத்தமாக இருக்கும். ரெய்னர்ஸ் லேன் வீட்டுக்கு வந்த கிழமையே அந்தப் பெட்டிகளை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். கவுன்சில் லொறி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு போவதை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமான காலை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். மகள் விதுஷா பிறந்த காலையைச் சொல்லியிருக்க வேண்டும். தெரியும்.

என் கணவர் கெட்டவர் இல்லை. குடி இல்லை. ஒருநாளும் கை நீட்டியதில்லை. எனக்கு வெகுகாலம் முன்னாலேயே லண்டனுக்கு வந்து, சவுத்தாலில் ஒரு பெரிய கிடங்கில் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட் செய்தவர். பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கிய மனிதர், பென்ஷன் எடுத்ததும் வெளிச்சத்துக்கு ஆசைப்பட்டார். அதில் என்ன பிழை? யூடியூபில் படகு வீடுகளைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு கால்வாய்க் கரைகளில் நடக்கத் தொடங்கினார். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னார்.

“வீட்டை வித்துப்போட்டு ஒரு படகு வாங்குவம், குணம். கண்ணை மூட முதல் கொஞ்சம் ஓடித் திரிவம்.”

நான் ஏற்கெனவே ஓடித் திரிந்ததை அவர் அதில் சேர்க்கவில்லை. அவர் அப்போது என்னோடு இருக்கவில்லை. அதனால் அது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

படகின் பெயர் சில்வியா. முந்திய சொந்தக்காரரின் மனைவியின் பெயராக இருக்க வேண்டும். பெயரை மாற்றினால் படகுக்குக் கூடாது என்று யாரோ சொன்னதால் இவர் அப்படியே விட்டார். ஒடுக்கமான, நீளமான இரும்புப் படகு. உள்ளே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கடக்க வேண்டுமென்றால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் ஒட்டி நின்றேன். அடுப்புக்குப் பக்கத்தில் முருகன் படம் வைத்தேன். காஸ் சிலிண்டர் இருப்பதால் விளக்கு ஏற்றக் கூடாது என்றார். பேட்டரியில் எரியும் பிளாஸ்டிக் விளக்கு வாங்கித் தந்தார். குளிர்காலத்தில் சுவரெல்லாம் வேர்த்து, தலையணை ஈரமாகிவிடும். கழிவறைப் பெட்டியை இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் ஊற்றிக் கழுவுவது என் வேலை. இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. இதைவிடக் கேவலமாகவும் இருந்திருக்கிறேன்.

ஒழுங்கு ஒன்று இருக்கிறது. கட்டிவைக்க நிரந்தர இடம் இல்லாத படகு பதினாலு நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. நிரந்தர இடம் ஒன்று எடுப்போம் என்று கேட்டேன். “பிறகு என்னத்துக்குப் படகு?” என்றார். ஆகவே கென்சல் கிறீனில் கொஞ்சம், அல்பேட்டனில் கொஞ்சம், கிறீன்ஃபோர்டில் கொஞ்சம். ஒரு கடைக்காரன் என் முகத்தைப் பழகி, “இண்டைக்கு முருங்கைக்காய் வந்திருக்கு, அக்கா,” என்று சொல்லத் தொடங்கும்போது படகை அவிழ்ப்போம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு நாள் கொடுத்து, அந்தக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்விடும். இவர் படகின் பின்பக்கம் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் வெயில் பட, சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு நிற்பார். நான் முன்பக்கம் இருந்து, விட்டுப்போகும் கரையைப் பார்ப்பேன்.

கால்வாயில் தொண்டு வேலைக்கு நான் சேர்ந்தது அதனால்தான். எல்லோரும் எனக்குக் கால்வாயில் காதல் என்று நினைத்தார்கள். லொக்கில் வேலை செய்கிறவர் நிற்பார், படகுகள்தான் போகும். அது எனக்குப் பிடித்திருந்தது. நீலச் சட்டையும் சிவப்பு மிதவை அங்கியும் தந்தார்கள். எங்கள் படகு எங்கே நின்றாலும் பஸ் ஏறி ஹன்வெல்லுக்குப் போவேன். அங்கே படிப்படியாக ஒன்றின் கீழ் ஒன்றாக லொக்குகள். பக்கத்தில் பழைய ஆஸ்பத்திரியின் நீண்ட செங்கல் மதில். அந்த மதிலோரம் நின்று படகுக்காரருக்குக் கதவு திறந்து, கதவு சாத்தி, பொழுது போய்விடும்.

ஒஃபிஸருக்கு லொக் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். அது ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி. இரண்டு முனையிலும் கதவு. மேலே இருந்து வரும் படகை உள்ளே விட்டு, மேல் கதவைச் சாத்தி, கீழ்க் கதவில் இருக்கும் மதகைத் திருகித் திறந்தால் தண்ணீர் வடியும், படகும் மெல்ல இறங்கும். மேல் கதவின் அடியில், தண்ணீருக்குள், ஒரு கொங்கிறீட் படி நீட்டிக்கொண்டு இருக்கும். அது எந்த இடத்தில் முடிகிறது என்று காட்டச் சுவரில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பக்கம் அந்தக் கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போய்விட்டால், தண்ணீர் வடியும்போது பின்பக்கம் படியில் குந்திவிடும், முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். அப்படி ஆனால் உடனே மதகை மூட வேண்டும். புதிதாக வரும் தொண்டர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

போன செப்டெம்பரில் முழங்கால் மோசமாகியது. லொக்கில் என்னோடு வேலை செய்யும் பிரமிளா, மலேசியப் பிள்ளை, மிகவும் அன்பானவள், எனக்காகக் கால்வாய் ஒஃபிஸில் பேசினாள். நோய் இருந்தால் கூடுதலாக நிற்க அனுமதி கொடுப்பார்கள். சவுத்தாலில், கடைகளுக்குக் கிட்ட, குளிர்காலம் முழுக்க நிற்கலாம் என்று சொன்னார்கள். அன்று பின்னேரம் நான் வடை சுட்டேன். பிறகு இவர் படகின் கூரையில் ஏறி நின்று அவர்களுக்குப் போன் எடுத்தார். மிகவும் பண்பாக நன்றி சொல்லி, வேண்டாம் என்றார்.

“இஞ்சருங்கோ, இந்தக் குளிருக்கு மட்டும் இதில நிப்பமே?” என்று கேட்டேன்.

“ஆக்கள் பாவம் பாத்துத் தாறதை நான் வாங்கமாட்டன். எங்களுக்கு என்ன, ஏலாமலே கிடக்கு?” என்றார். “பிறென்ட்ஃபோர்டுக்குப் போவம். அங்க தேம்ஸ் தெரியும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் சரியாக மொழிபெயர்க்க வேண்டும், பிள்ளை. அலுப்புத்தான் இருந்தது. வடையை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன்.

பிறென்ட்ஃபோர்டுக்குப் போக ஹன்வெல் லொக்குகளால் இறங்க வேண்டும். ஒக்டோபரில் ஒரு நாள், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே உள்ள லொக்குக்கு வந்தோம். மழை தூறிக்கொண்டு இருந்தது, நடைபாதையில் ஆட்கள் குறைவு. எனக்கு அன்று முறை இல்லை, ஆனாலும் நீலச் சட்டையைப் போட்டிருந்தேன். இவருக்கு இருமல்.

“நீங்கள் உள்ளுக்குப் போய் இருங்கோ. நான் பாத்து இறக்கிறன்,” என்றேன்.

“நீர் நிக்கேக்க எனக்கென்ன பயம்?” என்று சொல்லிவிட்டு, எஞ்சினை நிறுத்தி, தேத்தண்ணி வைக்கப் போனார்.

நான் மேல் கதவைச் சாத்தினேன். கீழே போய் மதகைத் திறந்தேன். படகு பின்பக்கமாக நகர்ந்து படியில் குந்தியது. முன்பக்கம் தாழ்ந்து தண்ணீர் ஏறியது. இது நான் முன்பு விசாரணையில் சொன்னது. இதில் பொய் என்று ஒரு வசனமும் இல்லை.

பிறகு ஹறோவில் கவுன்சில் எனக்கு ஒரு சின்ன வீடு தந்தது. தரைத்தளம். திரைச்சீலையை விலக்கினால் ஒவ்வொரு நாளும் அதே மரம் நிற்கிறது. நன்றாகத் தூங்குகிறேன். குற்ற உணர்ச்சி தாங்காமல் வந்திருக்கிறேன் என்று ஒஃபிஸர் நினைத்தால், அது அவருடைய நல்ல மனம். என்னைக் களைக்க வைத்தது மற்றவர்களின் ஆறுதல். விதுஷா லீட்ஸில் இருந்து தினமும் போன் எடுத்து, “அம்மா, உங்களில பிழை இல்லை,” என்று அழுகிறாள். நான் அவளைத் தேற்ற வேண்டும். பிரமிளா பிலாப்பழம் கொண்டுவந்து, தான் அனுமதிக்குப் பேசியிருக்காவிட்டால் இவர் ரோஷப்பட்டு வெளிக்கிட்டிருக்க மாட்டார் என்று அழுகிறாள். அவளையும் தேற்ற வேண்டும். போன கிழமை புதிய தொண்டர்களுக்கு வெள்ளைக் கோட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். என் வாயால் கேட்டால் மனதில் நிற்கும் என்றார்கள். பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். ஒரு பெண் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நிற்கும்போது, இனி இதற்கு என்னிடம் பலம் இல்லை என்று தோன்றியது.

ஆகவே விடுபட்டதைச் சொல்கிறேன்.

படகு தானாகப் பின்னால் வரவில்லை. மேல் கதவைச் சாத்திய பிறகு பின்பக்கக் கயிற்றை எடுத்து இழுத்தேன். தண்ணீரில் நிற்கும் படகை ஒரு முழங்கால் நோயாளியாலும் இழுக்கலாம். சுக்கான் வெள்ளைக் கோட்டைக் கடந்து கதவில் முட்டும்வரை இழுத்து, கரையில் இருந்த இரும்புக் குற்றியில் ஒரு சுற்றுச் சுற்றினேன். படகு படியில் நன்றாகக் குந்திய பிறகு அதை அவிழ்த்துக் கூரையில் போட்டேன். ஆகவே யாரும் கயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

படகு போனால் போதும் என்றுதான் நினைத்தேன். படகு இல்லாவிட்டால் நகர வேண்டியதில்லை. அவர் உள்ளே இருந்தது தெரியும், நான்தானே அனுப்பினேன். ஆனால் என் மனதில் இருந்தது படகுதான்.

முன்கதவுக்கு வெளியால் பூட்டுப் போட்டிருந்தது. அல்பேட்டனில் களவு போனதில் இருந்து ஓடும்போது பூட்டுவது இவருடைய பழக்கம். அந்தப் பூட்டின் திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது. பின்கதவுக்கு அவர் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் தரை கூரைபோலச் சரிந்துவிட்டது. அலுமாரி, நிலக்கரி மூட்டை, கட்டில் பலகை எல்லாம் முன்னால் சரிந்து வந்த சத்தம் கரைக்குக் கேட்டது.

நாயோடு நடந்துவந்த ஒரு வெள்ளைக்கார மனிதர் ஓடி வந்தார். பழைய படகுக்காரராக இருக்க வேண்டும், நேரே மதகுக்குத்தான் ஓடினார். மதகைத் திருகும் கைபிடி என் கையில் இருந்தது, அதைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. “நான் இங்கே தொண்டர், எனக்குப் பயிற்சி இருக்கிறது, மதகைத் தொட்டால் இன்னும் மோசமாகும். நீங்கள் மேலே பாலத்தடிக்குப் போய் அம்புலன்ஸுக்கு அடியுங்கள்,” என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். போய்விட்டார். பிறகு விசாரணையில், அந்த அம்மாவைப்போல நிதானமான ஒருவரைத் தான் கண்டதில்லை என்று சொன்னார். பாவம், அவரையும் ஏமாற்ற வேண்டியிருந்தது. மதகு கடைசிவரை திறந்தே இருந்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

படகின் பக்கச் சுவரில் ஒரு சின்ன வட்ட ஜன்னல். மேல் பாதி மட்டும் திறக்கும், ஒரு கை போகும். அதில் அவருடைய முகம் வந்தது. நான் லொக்கின் விளிம்பில் முழங்காலை மடித்துக் குனிந்துகொண்டு இருந்தேன். அவருக்கு நெஞ்சுவரை தண்ணீர். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையை வெளியே நீட்டி, பின்னால் போ என்பதுபோல ஆட்டினார்.

“குணம், தள்ளி நில்லும். கரை வழுக்கும். விழப்போறீர்.”

என் கையில் கைபிடி இருந்தது. மதகு பக்கத்தில்தான் இருந்தது. மூடியிருந்தால் அந்த நேரத்திலும் அவர் மூச்சுவிட இடம் இருந்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

நான் தள்ளி நின்றேன். கலியாணம் கட்டிய நாளில் இருந்து அவருடைய சொல்லை நான் தட்டியதில்லை, பிள்ளை. அதையும் எழுதச் சொல்லுங்கள்.