ஹேண்ட்பிரேக் இல்லாத லாரி

— சக்கரம் ஆறு இருக்கு. அது ஒண்ணுதான் சரி, மத்ததெல்லாம் கோளாறு. சூசையப்பர் பேர வச்சுக்கிட்டு இப்படியா வேலை பாக்குறது? அந்த மனுசன் தச்சரு.

— விளையாட்டு லாரிக்கு மரவேலை கொஞ்சந்தான், ஹவில்தாரே. முக்காவாசி மண்ணெண்ணெய் டின்னு. சக்கரம் மட்டும் வலையில கட்டுற மிதப்புக் கட்டை.

— அதான் மீன் நாத்தம் அடிக்குது. இருவது வருசம் மிலிட்டரி லாரி ஓட்டிட்டு வந்தவன் நான். சிவிலியன் செஞ்ச லாரி சிவிலியன் மாதிரித்தான் நாறும்.

— சகாயம் அண்ணே, சோறு ஆறுது. மூக்கையூர்ல பஸ் ஏறி, மண்டபத்துல ரயில் ஏறி, காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்காம வந்திருக்கீங்க. சாப்பிட்டுட்டு லாரியப் பாக்கலாம்ல?

— ஜோதிமேரி, மாப்பிள்ளை வீடு பாக்க வந்தவன் மனசு ஒப்பாம கை நனைக்க மாட்டான். கை நனைச்சா பொண்ணு குடுத்த மாதிரி. உன் மகன் சந்தியாகுவ வழியில பாத்தேன். போட்டுல வேலை பாக்குறான், நேரா கண்ணப் பாத்துப் பேசுறான். அவன் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. தகப்பன்தான் இடிக்குது.

— என் மேல என்ன இடிக்குது?

— பர்மாவுல லாரி ஓட்டினேன்னு இந்தத் தங்கச்சிமடம் முழுக்கச் சொல்லி வச்சிருக்கீரு. எங்க ஊரு கோயில் உபதேசியாருக்கும் அதே சங்கதியச் சொல்லி விட்டீரு. மிலிட்டரி டிரைவர் குடும்பம், பொண்ணு குடுங்கன்னு. அஞ்சு தடவ ஆள் வந்துட்டான்.

— ஆறு தடவ, அண்ணே.

— ஆறு. எங்க அண்ணன் மக ஜெபமாலை தகப்பன் இல்லாத பிள்ளை. காதுல கெடக்கிற கம்மல விட்டா பொட்டுத் தங்கம் கெடையாது. கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்காரன் அவளுக்காக ஆறு தடவ நடையா நடக்கணும்னா, ஒண்ணு பையன்கிட்ட நோக்காடு இருக்கணும், இல்ல தகப்பன்கிட்ட இருக்கணும். பையன்கிட்ட இல்ல.

— அதுசரி.

— எது சரி? எதக் கேட்டாலும் அதுசரி. இப்பக் கேக்குறேன், எந்தக் கம்பெனியில ஓட்டினீரு?

— எம்புட்டு வருசமாச்சு.

— கம்பெனி நம்பர மறந்த டிரைவரா? பொண்டாட்டி பேர மறந்தவன நான் பாத்திருக்கேன். கம்பெனி நம்பர மறந்தவன இன்னிக்குத்தான் பாக்குறேன்.

— அந்தக் கதையெல்லாம் அவரு பேசமாட்டாரு, அண்ணே. பேச்செடுத்தா எந்திரிச்சுக் கடப்பக்கம் போயிருவாரு.

— போவாரு. பொய் சொல்றவனுக்குப் பக்கத்துல கடல் இருக்கிறது நல்ல வசதி. சரி, ஆளு பேச வேணாம், லாரி பேசட்டும். அலமாரியில நிக்கிற நாலும், என் கையில இருக்கிற இந்தப் பீரங்கி வண்டியும், எல்லாம் ஒரே சாடையா இருக்கே.

— அஞ்சுக்கும் அடிச்சட்டம் ஒண்ணுதான். மேல இருக்கிறத மாத்திக்குவேன். படுதாவ எடுத்துட்டுப் பெட்டி வச்சா ஆம்புலன்சு. எண்ணெய் டின்னப் படுக்கப் போட்டா தண்ணி லாரி. பின்பக்கத்த வெட்டிட்டுக் கொக்கி வச்சா பீரங்கி இழுக்கிற வண்டி.

— இத எவன் வாங்குறான்?

— மண்டபத்துல ஆபீசர்மாரு பிள்ளைகளுக்கு வாங்குறாங்க. சீனாக்காரன் சண்டைக்கு அப்புறம் ராமேஸ்வரத்துல சீனி முகம்மது சங்குக் கடையிலயும் வச்சிருக்கேன்.

— ராமநாதரக் கும்பிட்டுட்டு வடநாட்டுச் சேட்டு ஒரு சங்கும் ஒரு லாரியும் வாங்கிட்டுப் போறானாக்கும். அவனுக்கு இது போதும். அந்த ஆம்புலன்ஸக் குடும். சிலுவைய ஏன் பச்சையில போட்டிருக்கு?

— சிவப்பு பெயிண்ட் தீந்துபோச்சு.

— தீந்துபோச்சாம். அடிபட்டுக் கெடக்கிறவன் இதப் பாத்தா கீரை விக்கிற வண்டின்னு சும்மா படுத்துக் கெடப்பான். கதவத் திறப்போம். ஸ்டீரிங் இருக்கு, கியர் இருக்கு, ஹேண்ட்பிரேக் இருக்கு. தண்ணி லாரியிலயும் இருக்கு. இந்தப் பீரங்கி வண்டியில இருக்கிறது என்ன, தீக்குச்சியா?

— குடைக் கம்பி.

— குடைக் கம்பியில பீரங்கிய நிறுத்துறாரு. நாடு உருப்பட்டுரும். அந்தா ஓரத்துல படுதா போட்ட பழசு ஒண்ணு நிக்குதே, அத எடும்.

— அது வேணாம், அண்ணே. அத மட்டும் யாரையும் தொட விடமாட்டாரு. சீனி முகம்மது எத்தனையோ தடவ கேட்டுப் பாத்துட்டாரு. சந்தியாகு சின்னப்பிள்ளையா இருக்கையில, இத ஆம்புலன்சா மாத்திக் குடுங்கய்யான்னு அழுதான். முதுகுல ஒண்ணு வச்சாரு. இவரு பிள்ளைய அடிச்சது அந்த ஒரு தடவதான்.

— அப்ப இதுக்குள்ளதான் வண்டவாளம் இருக்கு. கொண்டாரும் இங்கன. பாப்போம். சீட்டுல ஒரு பொம்மைய வேற உக்கார வச்சிருக்கீரு.

— பொம்மை இல்ல, மனுசன். பூவரசங்கட்டையில செதுக்குனது.

— மனுசனா? நல்ல மனுசன். மூக்கும் இல்ல முழியும் இல்ல. வண்டிக்கும் ஒண்ணும் இல்ல போல. பெடல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கியர் கம்பி கோணலா இருக்கு. ஹேண்ட்பிரேக்கே கெடையாது.

— அதுல கெடையாது.

— கெடையாதுன்னா, மறந்துட்டீரா?

— மறக்கல.

— கேட்டுக்கோ ஜோதிமேரி. சேட்டு வாங்குற லாரிக்கெல்லாம் குடைக் கம்பி வச்சிருக்காரு. தான் ஓட்டினேன்னு சொல்ற லாரிக்கு ஹேண்ட்பிரேக் இல்ல. இப்படி ஒரு வண்டிய மிலிட்டரியில டிப்போ கேட்டத் தாண்ட விடமாட்டான்.

— அங்கன டிப்போவும் இல்ல, கேட்டும் இல்ல. மலையும் சேறுந்தான்.

— வாய் வருதே. சரி, திருப்பி அடியப் பாப்போம். இதென்ன கூத்து?

— என்ன அண்ணே?

— நீயே பாரும்மா. மேல பாத்தா பள்ளிக்கூடப் பிள்ளை செஞ்ச மாதிரி இருக்கு. அடியில பாரு. ஸ்பிரிங்ல பட்டை எட்டு, ஒவ்வொண்ணும் தனித்தனியா வெட்டி அடுக்கியிருக்கு. போல்ட் ஒவ்வொண்ணையும் ஊசியால குத்தி எடுத்திருக்கு. எண்ணெய்த் தொட்டியில ஒரு நசுங்கல் கூட இருக்கு. டிரைவருக்கு மேல தெரியும். இந்த மனுசனுக்கு அடிதான் தெரியுது.

— ஒருவேள ரிப்பேர் பாக்குற வேலையில இருந்திருப்பாரோ?

— ரிப்பேர்க்காரன் இப்படி ஒரு கண்றாவிய வச்சிருக்க மாட்டான். இந்தத் தண்டு பேரு ஷாஃப்ட். இஞ்சின்ல இருந்து பின் சக்கரத்துக்குப் போறது. இதுல ஒரு பக்கம் கழண்டு தொங்குது. ஷாஃப்ட் கழண்ட லாரிய கியர் போட்டு ஓட்டவும் முடியாது, கியர் போட்டு நிறுத்தவும் முடியாது. அதக் கயித்தால தூக்கிக் கட்டியிருக்காரு. அதும் வலை முடிச்சு. எந்த ராணுவத்துல லாரிக்கு வலை முடிச்சு போட்டான்?

— தூக்கிக் கட்டலைன்னா தண்டு தரையில இடிக்கும். கட்டினாத்தான் வேற லாரி வச்சு இழுத்துக்கிட்டுப் போகலாம்.

— அது எனக்குத் தெரியும். உமக்கு யாரு சொன்னா?

— அதுசரி.

— மறுபடியும் அதுசரி. அப்ப நானே சொல்றேன். நீரு லாரி ஓட்டினதே இல்ல. மலையில ரோடு போடுறதுக்குக் கல்லு சுமக்கக் கூட்டிட்டுப் போனானே, அந்தக் கூலிப்படையில போன ஆளு. எவன் லாரியோ நின்னுபோயிக் கெடந்திருக்கு. அதுக்கு அடியில போயிச் சுருண்டு படுத்திருக்கீரு. படுத்துக்கிட்டு போல்ட் எண்ணியிருக்கீரு. ஊருக்கு வந்ததும் ஓட்டினேன்னு அளந்து விட்டீரு. சரியா?

— முக்காவாசி சரி.

— என்னங்க சொல்றீங்க? கைப்பிள்ளையோட என்னைய விட்டுட்டுப் போயித் திரும்பி வந்து, பதினெட்டு வருசமா என்கிட்டயும் லாரி ஓட்டினேன்னுதான சொன்னீங்க.

— சொன்னேன், ஜோதி.

— மாதாவே. எதுக்கு?

— லாரியப் பத்தி யாரும் கேட்டா ஓட்டினேன்னு சொல்றது லேசா இருந்துச்சு. அதுக்கு மேல எவனும் கேக்கமாட்டான்.

— லேசாத்தான் இருக்கும். நிசமா ஓட்டினவன் வீட்டுலதான் பாரம். எங்க வீட்டுலயும் பர்மாவுல ஓட்டினவன் ஒருத்தன் இருந்தான். என் அண்ணன் அருளப்பன். ஜெபமாலைக்குத் தகப்பன்.

— அவரு சண்டையில செத்துட்டாருன்னு உபதேசியார் சொன்னாரே.

— அப்படித்தான் ஊருக்குச் சொல்லி வச்சிருக்கோம். எப்படிச் செத்தான்னு சொன்னதில்ல. சொன்னா மூஞ்சில துப்புவான். மலைச் சரிவுல நாப்பது லாரி வரிசையா நிக்குது. ஜப்பான்காரன் ஏரோபிளேன் வருது. நாப்பது லாரியில இருந்தவனும் குதிச்சுப் பள்ளத்துக்குள்ள ஓடிட்டான். எங்க அண்ணன் மட்டும் சீட்ட விட்டு எந்திரிக்கல. குதிடா அருளப்பான்னு பள்ளத்துல இருந்து கத்தியிருக்காங்க. அசையல. பிளேன் மூணு தடவ சுத்திச் சுத்திச் சுட்டிருக்கு. மூணு சுத்துக்கும் பயத்துல உறைஞ்சு, ஸ்டீரிங்கக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே செத்தான். பள்ளத்துல கெடந்த சுபேதார் ஒருத்தர் என்கிட்ட நேர்ல சொன்னாரு.

— பாவம், அண்ணே.

— என்ன பாவம்? கடல்ல சுறாவப் பாத்தாக் கூட நம்ம பயக குதிச்சு நீந்திருவான். அவனுக்குக் குதிக்கத் தெரியல. உறைஞ்சவன் தம்பி, உறைஞ்சவன் தம்பின்னு இருவது வருசம் மெஸ்ஸுல என்னையச் சொன்னான். அதுக்காகவே நான் குண்டு விழுற எடமாப் பாத்துப் பாத்து ஓட்டினேன். இன்னிக்கு வரைக்கும் அவனுக்கு நான் ஒரு பூசை வச்சதில்ல.

— பூசை கூடவா வைக்கல?

— வைக்கல. உமக்கு எதுக்கு மூஞ்சி இப்படிப் போகுது? கோழை மகளுக்குப் பொய்யன் மகன். பொருத்தம் நல்லாத்தான் இருக்கு. சரி, பையன் முகத்துக்காக ஒரு வழி சொல்றேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்ல நின்னு, நான் லாரி ஓட்டலன்னு எல்லாருக்கும் சொல்லணும்.

— சொல்லிர்றேன்.

— இன்னொண்ணு. இந்த லாரிய என் கண்ணு முன்னாடி ஒழுங்கான லாரியா மாத்தணும். கயித்த அத்துட்டு ஷாஃப்ட மாட்டி, ஹேண்ட்பிரேக் வையும். எங்க வீட்டுப் பொண்ணு வந்து பொழங்குற வீட்டுல பொய் லாரி நிக்கக் கூடாது. இத முடிச்சா நான் இங்கன கை நனைக்கிறேன்.

— அது முடியாது, ஹவில்தாரே.

— ஏங்க, ஒரு குடைக் கம்பிதான. நாலு லாரிக்கு வச்ச கைதான. பிள்ளை கல்யாணங்க. வாசல்ல நிக்கிறான் பாருங்க, உள்ள வரவும் மாட்டாம போகவும் மாட்டாம. கம்பிய நான் எடுத்தாரேன்.

— வேணாம், ஜோதி.

— பாத்தியாம்மா. தகர டப்பாவுக்கு இருக்கிற மரியாதை பெத்த மகனுக்கு இல்ல. நீ கம்பியக் குடு, குறடையும் குடு. நானே வைக்கிறேன். மொதல்ல இந்த மூக்கில்லாத மனுசன வெளிய எடுப்போம். வரமாட்டேங்குது. இதென்ன, வலது கால பெடலோட சேத்து ஆணியடிச்சு வச்சிருக்கு.

— பிடுங்காதீங்க. அது பிரேக் பெடல்.

— தெரியுது. ஓடாத லாரியில எவனாவது பிரேக்க மிதிச்சுக்கிட்டு உக்காந்திருப்பானா?

— சரிவுல நின்னா உக்காந்திருப்பான். ஷாஃப்ட் கழண்டா கியர் நிறுத்தாதுன்னு நீங்கதான சொன்னீங்க. ஹேண்ட்பிரேக் முந்தின நாளே அத்துப்போச்சு. சக்கரத்துக்கு அண்டக் குடுத்த கல்லு சேத்துல வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. கால் ஒண்ணுதான் பாக்கி. அத எடுத்தா வண்டி உருண்டுரும்.

— எந்தச் சரிவு?

— தண்டத் தூக்கிக் கட்ட வலை முடிச்சு தெரிஞ்ச கை வேணும்னாரு. கல்லு சுமக்கிற கூட்டத்துல நம்ம கடக்கரைப் பய ஒருத்தன் இருக்கான்னு கூட்டியாரச் சொன்னாரு. நீ அடியில போ, நான் மிதிச்சுக்கிறேன்னாரு.

— யாரு சொன்னா? ஏலே சூசை, யாரு சொன்னா?

— உங்க அண்ணன் உறைஞ்சு போகல, ஹவில்தாரே. அடியில கெடந்த நான்தான் உறைஞ்சு போனேன். வெளிய வாடா சூசைன்னு மூணு சுத்துக்கும் கூப்பிட்டாரு. நான் அசையல, அவரு கால எடுக்கல.