கூடைக்குள் முப்பத்தொரு போன்

முப்பத்தொரு பேருக்கு எலுமிச்சை சாதம் கிளறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல மேடம். சாதத்த மட்டும் குழையாம வடிச்சுடணும். அன்னிக்கு நல்லாவே வந்திருந்துச்சு. அதான் அதை மொதல்ல சொல்றேன்.

எம் பேரு இளஞ்செழியன். கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுல நோட்டுப் புக்கு கடை வெச்சிருக்கேன். எங்கம்மா போனப்புறம் இந்த வூட்ல நான் ஒருத்தன்தான். தாயக்கட்டை, கேரம், சென்னையில வாங்கின, பெட்டியில வர்ற பலகை விளையாட்டுன்னு அலமாரி நெறைய இருக்குது. எதிர்ல உக்கார ஆள் இல்ல. ஒரு வருஷம் ரெண்டு பக்கமும் நானே ஆடினேன். ஜெயிச்சாலும் நான்தான், தோத்தாலும் நான்தான். அது எவ்ளோ கேவலமா இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது.

அப்புறம்தான் பலகை விளையாட்டுத் திருவிழான்னு ஒரு யோசனை வந்துது. கல்யாண மண்டபத்துல மூணு நாள், ரெண்டாயிரம் பேரு, கல்வராயன் மலைப் பிள்ளைங்கள கூட்டியார பஸ்ஸு. நடத்தித் தர தன்னார்வலர் தேவைன்னு நோட்டீஸ் அடிச்சு பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, காலேஜ் வாசல்னு ஒட்டினேன். மொத வாரம் ரெண்டு பேரு வந்தாங்க. கச்சிராயபாளையம் பிரவீன்குமாரு சேர்ந்தப்புறம்தான் கூட்டம் கூடிச்சு. தியாகதுருகம், எலவனாசூர்கோட்டைன்னு அவன் சிநேகிதப் பசங்க, வெள்ளிமலையில இருந்து பஸ் புடிச்சு மூணு பேரு. டோக்கன் மேசைக்கு யாரு, விளையாட்டு சொல்லிக் குடுக்க யாரு, தண்ணி கேனுக்கு யாருன்னு பிரிச்சுக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமையானா வூடு நெறைஞ்சுது.

சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். உள்ள வரும்போது போனை வாசல் கூடையில போட்டுடணும். அடுத்தவன் ஆடும்போது இவன் போனை நோண்டிக்கினு இருந்தா ஆட்டம் விளங்குமா? கூட்டம் முடிஞ்சுதான் திருப்பி எடுக்கணும். கூடைக்கு நான் பொறுப்பு.

தேதிய மட்டும் தள்ளிக்கினே வந்தேன். பரீட்சைன்னேன், மழைன்னேன், கரும்பு வெட்டுன்னேன். விழா முடிஞ்சுட்டா அதுங்க இன்னாத்துக்கு இங்க வரப்போவுதுங்க? பிரவீனுக்கு லேசா சந்தேகம் இருந்திருக்கும். இந்த ஞாயிறு தேதி வெச்சே ஆகணும்னு எல்லாரையும் வரச் சொன்னதே அவன்தான். முப்பத்தொரு பேரும் வந்துட்டாங்க. ஒரு ஆள் கம்மி இல்ல.

பதினொன்றரைக்கு ஒரு போன் அதிர ஆரம்பிச்சுது. விட்டு விட்டு அஞ்சு தடவை. ஆறாவது தடவை எடுத்தேன். பிரவீனோட அம்மா ராஜாம்பாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்குதுங்க, வேர்த்து ஊத்துது. ஆம்புலன்ஸு மலைக்குப் பிரசவத்துக்குப் போயிருக்குதாம். காரு எம் புள்ளகிட்டதான் இருக்குது. சீக்கிரம் வரச் சொல்லுங்க."

"இதோ கிளம்பிட்டான்மா"ன்னேன்.

இது நம்ம பக்கம் எல்லாரும் சொல்றதுதான் மேடம். லுங்கியோட பல்லு வெளக்கிக்கினு இருக்கறவன்கூட, 'வந்துக்கினே இருக்கேன்'னுதான் சொல்லுவான். அந்தப் போனை மத்த போனுங்களுக்கு அடியில வெச்சேன். மேல ஒரு துண்டைப் போட்டேன்.

சாப்பிட்டதும் சொல்லலாம்னு இருந்தேன். அவன் எழுந்தா அவன் காருல வந்த நாலு பேரும் எழுந்துடுவாங்க, அவங்க எழுந்தா மிச்சம் பேரும் எழுந்துடுவாங்க. கிளறின சாதம் அப்படியே கெடக்கும். சாப்பிட்டப்புறம் ஆட்டம் சூடு புடிச்சுடுச்சு. பிரவீன் சிரிச்சுக்கினு இருந்தான். சிரிச்சுக்கினு இருக்கற புள்ளகிட்ட போயி இன்னான்னு சொல்றது? தேதிப் பேச்சைக்கூட யாரும் எடுக்கல. நாலரைக்குக் கூட்டம் முடிஞ்சுது. போனைக் கையில குடுத்தேன். பார்த்துட்டு, செருப்புகூட போடாம காருக்கு ஓடினான்.

அவங்கப்பா வீரமுத்து ரெண்டு மணிக்கே போயிட்டாராம். காரியம் வரைக்கும் எங்க பசங்கதான் எல்லாத்தையும் பார்த்துக்கினாங்க. பந்தல், நாற்காலி, தண்ணி கேன், ஒரு கொறை கெடையாது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அங்கதான் அந்தம்மா அழுதுக்கினே சொல்லுச்சு. பக்கத்து வூட்டு சடையன் ஆட்டோவ எடுத்துக்கினு வந்து ஏறுங்கன்னாராம். எம் புள்ள கிளம்பிட்டான், இதோ வந்துடுவான்னு இவங்க அவரைத் திருப்பி அனுப்பிட்டாங்களாம்.

'நான் எப்போ கிளம்பினேன், யார் சொன்னது?'ன்னு பிரவீன் கேட்டான். அப்புறம் போனை எடுத்துப் பார்த்தான். இருபத்தாறு மிஸ்டு கால், நடுவுல ஒண்ணு மட்டும் பேசினது. என்னைப் பார்த்தான்.

ஆமா இன்ஸ்பெக்டர் மேடம், நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன், எழுதிக்குங்க. அவர் சாகணும்னு நான் நெனைக்கல. யாரும் எழுந்து போயிடக் கூடாதுன்னுதான் நெனைச்சேன்.

அன்னிலேர்ந்து இன்னிக்கு மூணாவது ஞாயிறு. கூடைய வாசல்ல வெச்சேன், சாதமும் கிளறினேன். நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தரும் வரல. முப்பத்தொரு பேருக்கும் அடிச்சுப் பார்த்தேன், ஒருத்தரும் எடுக்கல. அதைத்தான் என்னால தாங்க முடியல. ஒரு மனுஷன் இத்தினி தடவை கூப்புட்டா, இன்னா ஆபத்தோ ஏதோன்னு எடுத்துக் கேக்க வேணாமா மேடம்?