மும்பை சர்வருக்கு நாகர்கோவில் எலுமிச்சம்பழம்

அன்று புரோகிராமர்கள் கூட்டத்தில் மேடையேறி ஒரு கதை சொன்னேன்; அதில் வரும் தப்பான வரியை எழுதியவள் நான்தான் என்று மட்டும் சொல்லவில்லை. கதையில் பழி சுமக்கும் ததேயுஸ் அண்ணன் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னது இவ்வளவுதான்:

"டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிடற மாதிரி ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், கேளுங்க.

நாகர்கோவில்ல ஒரு சின்ன ஆபீஸ். பஸ் டிக்கெட் பதிவு பண்ற புரோகிராம் அவங்களோடது. அது ஓடுற சர்வர் மும்பைல. ஆபீஸ்ல சர்வரைப் பாத்துக்கிற அண்ணன் ஒருத்தர் அதைப் புது சர்வருக்கு மாத்தினார். மறுநாள் காலை பத்து மணி, பதிவு திறந்து கூட்டம் வருது... புரோகிராம் செத்துப் போச்சு. அதுக்கு மறுநாளும் பத்து மணி... செத்துப் போச்சு.

சர்வர்ல மொத்த மெமரி அறுபத்து நாலு ஜிபி. நம்ம புரோகிராம் இருக்கிற கண்டெய்னருக்கு, அதாவது சர்வருக்குள்ள அதுக்குன்னு தடுத்த தனி அறைக்கு, ஒதுக்கினது ரெண்டு. மேனேஜர், 'நாலு குடுங்க'ன்னார். குடுத்தாங்க, செத்துச்சு. 'எட்டு குடுங்க.' குடுத்தாங்க... அதே பத்து மணி, அதே சாவு.

மேனேஜர் எலுமிச்சம்பழத்துல குங்குமம் தடவி ஆபீஸ் மோடத்து மேல வச்சார். அண்ணன் மெதுவா, 'சார், சர்வர் மும்பைல இருக்கு'ன்னார்.

மேனேஜர் அசரல. 'கண்ணு நாகர்கோவில்லதானே படுது?'

அதோட நிக்கல. அண்ணனோட கைராசி சரியில்லைன்னு சொல்லி, பத்து வருஷமா சர்வர் பாத்த மனுஷனை போன் எடுக்க உக்கார வச்சார்.

அப்புறம் ஒருத்தி புரோகிராமைத் திறந்து படிச்சா. அது எழுந்திருக்கும்போதே, 'எனக்கு எவ்வளவு மெமரி?'ன்னு ஒரு ஃபைலைப் பாக்குது. சர்வரை ஓட்டுற லினக்ஸ்ல, 'உனக்கு இவ்வளவுதான்'னு வரம்பு வைக்கிறது கன்ட்ரோல் குரூப். அதோட பழைய பதிப்புல அந்த ஃபைல் ஒரு இடம், ஒரு பேரு. புதுசுல இடமும் வேற, பேரும் வேற. புது சர்வர்ல இருந்தது புதுசு. நம்மாளு, அதான் நம்ம புரோகிராம், பழைய இடத்துல போய்த் தேடுறான்... ஃபைல் இல்ல. 'தெரியலையே'ன்னு நிக்கணுமா இல்லையா? நிக்கல. 'வரம்பே இல்லையா... அப்ப அறுபத்து நாலும் என்னுது'ன்னு, பத்து மணிக்குக் கூட்டம் வந்ததும் பாதி சர்வருக்குப் பாய் விரிச்சான். எட்டைத் தாண்டினதும் லினக்ஸ் ஒரே போடு.

'ஃபைல் இல்லேன்னா வரம்பு இல்ல.' புரோகிராம்ல ஒரே ஒரு வரி. அவ சத்தமில்லாம திருத்திட்டா. புரோகிராம் அப்புறம் சாகல. மேனேஜர் எலுமிச்சம்பழத்தைப் பாத்துக் கும்பிட்டார். அண்ணன்? இன்னும் போன் பக்கத்துலதான்.

எதுக்குச் சொல்றேன்? நாம எழுதற புரோகிராம் புது இடத்துல பாக்கணும், பழைய இடத்துலயும் பாக்கணும். ஒரு குரூப் இன்னொரு குரூப்புக்குள்ள இருக்கும்; நமக்கு மேல இருக்கிற குரூப்புக்கும் வரம்பு இருக்கும், அதையும் பாக்கணும். எது சின்னதோ அதுதான் நம்மளுது. எதுவுமே கிடைக்கலையா... கிடைக்கலைன்னு சொல்லணும். கண்ணுல படலைங்கிறதும் இல்லவே இல்லைங்கிறதும் ஒண்ணா? ரெண்டையும் ஒண்ணாக்கினா, பழி வேற யாரோ ஒருத்தர் கைமேல விழும்."

கை தட்டினார்கள். டீ வரிசையில் ததேயுஸ் அண்ணன் என்னிடம் ஒரு கப்பை நீட்டி, "எந்த வரிய யார் எழுதினான்னு புரோகிராம்லேயே பதிஞ்சிருக்கும்லா மக்களே," என்றார். பிறகு சமோசாவைப் பற்றிப் பேசினார்.

அந்த வரி யாருடையது என்று அன்று மாலையே மேனேஜருக்கு எழுதினேன், என் பெயரைப் போட்டு. திங்கட்கிழமை அண்ணனுக்கு சர்வர் திரும்பக் கிடைத்தது, எனக்கு போன் கிடைத்தது. எலுமிச்சம்பழத்தை எடுக்க மட்டும் மேனேஜர் சம்மதிக்கவில்லை.