பெரிய வியாழன், வலது கால்

— காலை இழுக்காத செல்லையா! இழுத்தா இன்னும் நல்லாத் தேய்ப்பேன்.

— வேணாம்மா. உபதேசியார் சம்சாரம் நீங்க. என் காலைப் போயித் தொட்டுக்கிட்டு... எனக்கே குமட்டுதுலா.

— எனக்கு மட்டும் மல்லிப்பூவாவா மணக்குது? கண்றாவி! இது காலா, செம்பனை மட்டையா? நகத்துக்குள்ள ஒரு பிடி மண்ணு இருக்கு.

— மத்தியானம் வரைக்கும் தோட்டத்துல செம்பனைப் பழக்குலை வெட்டினேன்மா. பெரிய வியாழன்னு சொன்னா வேலை வாங்குற மண்டோரு லீவு குடுத்துருவாரா?

— குளிச்சிட்டு வர்றதுக்கு என்ன?

— குளிச்சிட்டுத்தான் வந்தேன். மண்ணெண்ணெய் ஊத்தியும் தேய்ச்சேன்.

— அதான் ரெண்டு நாத்தமா வருது. சரி, வலது காலை மட்டும் பேசனுக்குள்ள வை. இன்னொண்ணு வேணாம்.

— ஒண்ணு கேக்கலாமாம்மா? கொஞ்ச நேரத்துல பூசையில சாமியாரு கழுவத்தானே போறாரு? இங்க கோயிலுக்குப் பின்னால, சமையக்கட்டு ஓரத்துல வச்சு நீங்க எதுக்குக் கழுவுறீங்க? கழுவுன காலை எதுக்குத் திருப்பிக் கழுவணும்?

— இதை உங்க ஞாயித்துக்கிழமை ஞானஸ்நான வகுப்புல கேக்கலையா நீ?

— கேட்டேன். காலை எப்படி நீட்டணும், எப்படி மடக்கணும்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குப் பழக்குற மாதிரி ஒரு மணி நேரம் பழக்கினாரு உங்க வீட்டுக்காரரு. எதுக்குக் கழுவுறாங்கன்னு கேட்டா, "அது ஒழுங்கு"ன்னு சொல்லிட்டாரு.

— ஒழுங்கு! பழைய ஃபாதர் ஒரு தடவ தோட்டத்து ஆளு காலைக் கழுவி முத்தம் குடுக்கக் குனிஞ்சாரு. குனிஞ்ச மனுசன் மூக்கைப் பொத்திக்கிட்டாரு. அன்னையிலேருந்து வர்றவங்க காலையெல்லாம் நான் முன்னாடியே தேய்ச்சு, துடைச்சு, பவுடர் போட்டு அனுப்பணும். இவரு கண்டுபிடிச்ச ஒழுங்கு அது. உள்ள ஃபாதருக்கு வெள்ளிச் செம்பு, பூப்போட்ட துண்டு. இங்க எனக்குத் தேங்கா நாரு.

— யேசுநாதர் கழுவினப்பவும் இப்படி யாராச்சும் முன்னாடியே கழுவி விட்டிருப்பாங்களாம்மா?

— கழுவியிருந்தா மட்டும் அவ பேரை எவன் எழுதப்போறான்?

— ஐயோ, மெதுவா! அங்க வேணாம்மா, அங்க வேணாம்.

— எங்க? இது என்ன துணி, கட்டை விரலைச் சுத்தி? எடு. எடுன்னா எடு! சே... சீழு! என்ன செல்லையா இது?

— முள்ளும்மா. போன வாரம் மட்டை சாஞ்சு விழுந்ததுல ஏறிடுச்சு. தோட்டத்து டிரெஸர் பிடுங்கிட்டு ஊதா மருந்து போட்டாரு. உள்ளுக்குள்ள பழுத்துப் போச்சு. யாருக்கும் தெரிய வேணாம்னு சுத்திக்கிட்டு வந்தேன்.

— பச்சையா வடியுது. இதோட எப்படி மரத்தடியில நின்ன? நாளைக்கு மொத பஸ்ஸுக்கே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குப் போற.

— சனிக்கிழமை ராத்திரி ஞானஸ்நானம் முடியட்டும்மா. அதுக்கப்புறம் காலையே எடுத்தாலும் சரி.

— வாயைக் கழுவு மொதல்ல.

— மூணு வருஷமா வர்றேன்மா இந்த வகுப்புக்கு. மொத வருஷம் விசுவாசப் பிரமாணத்துல பாதியில நின்னுட்டேன்னு நிறுத்திட்டாரு. அடுத்த வருஷம் கள்ளுக்கடை வாசல்ல பார்த்தேன்னு நிறுத்திட்டாரு. என் சம்சாரம் திலகம் ஒரே தடவையில பாஸாயிட்டா. இப்ப கோயிலுக்குப் பின்னால கல்லறையில படுத்திருக்கா. அவ பக்கத்துல ஒரு ஆளு படுக்குற இடம் சும்மா கெடக்கு. ஞானஸ்நானம் வாங்காதவனுக்கு அங்க குழி கெடையாதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அந்த இடம் வேணும்மா. வேற ஒண்ணும் வேணாம்.

— அழாத. மருந்து எரியும், பொறுத்துக்க.

— உங்களுக்கு அருவருப்பா இல்லியாம்மா? மூஞ்சிகூடத் திருப்பல நீங்க.

— பழகிப் போச்சு.

— அன்னம்! இன்னும் என்ன பண்ற அங்க? ஃபாதர் காரு வந்தாச்சு. எல்லாரும் வரிசையா உட்கார்ந்தாச்சு, இந்த ஒரு ஆளுக்குத்தான்... கர்த்தாவே! என்ன நாத்தம் இது?

— செல்லையா கால்ல முள்ளு குத்திப் பழுத்திருக்குங்க.

— மூடு, மூடு! சாப்பிட்டது மேல வருது. இதைக் கொண்டு போயி ஃபாதர் வாய்க்கு நேரா நீட்டுறதா? நெவர்! டவுன் பாலகிருஷ்ணனை உட்கார வச்சுக்கிறேன். ஆபீஸ் வேலை பார்க்குற காலு, சுத்தமா இருக்கும்.

— உபதேசியாரு ஐயா, அப்ப சனிக்கிழமை எனக்கு...

— சனிக்கிழமை என்ன சனிக்கிழமை? வகுப்பு ஆரம்பிச்ச அன்னைக்கே சொன்னேன். பெரிய வாரத்துச் சடங்கு எதையும் விடக் கூடாது. ஒண்ணை விட்டாலும் ஞானஸ்நானம் இல்ல. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கு செல்லையா. அடுத்த வருஷம் பார்ப்போம்.

— அடுத்த வருஷம் நான் இருக்கணுமே ஐயா. இடது காலு நல்லாத்தான் இருக்கு. அதைக் காட்டுறேன். இதை உள்ளுக்கு மடக்கி வச்சுக்கிறேன், யாருக்கும் தெரியாது.

— இடது காலா? கூடவே கூடாது! இந்தக் கோயில்ல காலங்காலமா வலது கால்தான்.

— எந்த வேதத்துலங்க எழுதியிருக்கு வலது காலுன்னு?

— நீ பேசாத அன்னம். இதுல பொம்பளைக்கு என்ன வேலை? ஒருத்தன் வலது, ஒருத்தன் இடதுன்னு நீட்டினா சர்க்கஸ் மாதிரி இருக்கும். இன்னைக்கு ஒருத்தனுக்கு விட்டுக் குடுத்தா, நாளைக்கு ஃபாதர் ரெண்டு காலையும் காட்டுங்கன்னு சொல்லிருவாரு.

— சொன்னா என்ன?

— சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

— உங்களுக்குள்ள சண்டை வேணாம் ஐயா. நான் லயத்து வீட்டுக்குப் போறேன். அந்தத் துணியைக் குடுங்கம்மா, கட்டிக்கிறேன். ஐயா... ஒண்ணே ஒண்ணு. திலகம் பக்கத்துல வேற யாரையாச்சும் வைக்கிறதா இருந்தா, கொஞ்சம் தள்ளி வையுங்க.

— உட்காரு செல்லையா. எந்திரிச்ச, பேசனை உன் தலையில கவுத்துருவேன்.

— போகட்டும் விடு. நீ கையைக் கழுவிட்டு வா. அந்தக் கையால பீடத்துத் துணியைத் தொட்டுராத. உன்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பா இருக்கு.

— எனக்கும் அருவருப்பாத்தாங்க இருக்கு. இத்தனை பேரு காலைத் தேய்ச்சேன். சேறு, ரப்பர்ப்பால் கறை, ஆணிப்புண்ணு, எல்லாம் இருந்துச்சு. அப்ப வரல. இவன் சீழைத் தொட்டேன், அப்பவும் வரல. இப்ப வருது. உங்களைப் பார்த்துத்தான் வருது.

— மெதுவாப் பேசு! வெளிய கேக்கும்.

— கேக்கட்டும்! செல்லையா, எனக்கு எப்படிப் பழகிப் போச்சுன்னு நீ கேக்கல. நானே சொல்றேன். ஐயாவுக்கு இனிப்புநீரு, சக்கரை வியாதி. இடது பாதத்துல ஆறாத புண்ணு. தினம் கதவைச் சாத்திக்கிட்டு நாந்தான் சீழைத் துடைச்சுக் கட்டுறேன். சப்பாத்துக்குள்ள பஞ்சு வச்சு, அத்தரு தெளிச்சு அனுப்புறேன். உன் காலு ஒரு வாரமா நாறுது. இவரு காலு ரெண்டு வருஷமா நாறுது.

— அன்னம்! கோயில்... கோயில்டி இது!

— வருஷா வருஷம் மொத ஆளா உட்கார்ந்து காலை நீட்டுறது இவருதானே! வலது காலுங்கிற ஒழுங்கும் அந்த ரெண்டு வருஷமாத்தான். அதுக்கு முன்னாடி எவன் எந்தக் காலை நீட்டினாலும் கழுவினாங்க.

— ஐயா... நீங்களுமா?

— செல்லையா, இதைப் போயி வெளிய யார்கிட்டயும்... சனிக்கிழமைக்கு நான் ஏதாச்சும் ஒரு வழி பண்றேன். கட்டாயம் பண்றேன். இன்னைக்கு மட்டும் வீட்டுக்குப் போயிரு.

— இப்ப வழி கெடைச்சிருச்சாக்கும்? தூ! உங்க வழி யாருக்கும் வேணாம். செல்லையா, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா உள்ள நட. ஃபாதர்கிட்ட நானே சொல்லிக்கிறேன், இந்த வருஷம் எல்லாரும் இடது காலைத்தான் நீட்டுவாங்கன்னு. நீங்க போயி மொத ஆளா உட்கார்ந்து சப்பாத்தைக் கழட்டுங்க.