கைக்கு அளவான துவக்கு

“புதுத் துவக்கு என்ரை கைக்கு அளவா இருக்கக்கா. இடுப்பிலையும் குத்தேல்லை.”

அஜின்கோர்ட் போகும் பஸ்ஸில், நெடுநாள் கழித்துச் சந்தித்த இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவளுக்கு வங்கிக்குக் காசு கொண்டுபோகும் வண்டியில் துப்பாக்கியோடு காவல் வேலை.

“செருப்பு வாங்கினமாதிரிச் சொல்லுறாய்,” என்று மூத்தவர் சிரித்தார்.

“பழையதுக்குப் பிடி பெரிசு. என்ரை விரல் விசைக்கு எட்டாது. ஒரு வருசமா மாத்தித் தரச்சொல்லிக் கேட்டனான்.”

“இப்ப மட்டும் ஏன் தந்தவை?”

“கொள்ளையடிக்க வந்தவங்கள் சுட்டு, என்னோடை வேலைசெய்த அன்ரன் அண்ணை செத்தாப்பிறகுதான் தந்தவை.”

மூத்தவர் அவளுடைய கையைப் பிடித்தார்.

“அவர் வண்டிக்குப் பின்னாலை ஒளிஞ்சிருக்கலாம், அக்கா. என்ரை விரல் எட்டாதெண்டு தெரிஞ்சுதான் எனக்கு முன்னாலை வந்து நிண்டவர்.”